திரும்பி வந்த மூன்று கால் ஆடு

"கீ... கிர்ர்ர்ர்... க்ர்ராங்!"

பூட்டிக் கிடந்த அலுவலக அறைக்குள்ளிருந்து அந்தச் சத்தம் கிளம்பியதும் ஜோனிட்டாவின் கையிலிருந்த குடை தரையில் விழுந்தது.

அன்று புதன்கிழமை. மணி இரண்டு. பிள்ளைகள் வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரமாகிவிட்டது. லூபோக் சீனாவிலிருந்து மலாக்கா போகும் பஸ்ஸைத் தவறவிட்டதால்தான் அவளே இன்னும் புக்கிட் லாடா தோட்டத் தமிழ்ப்பள்ளியின் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தாள். இல்லையென்றால் இந்தச் சத்தம் யார் காதிலும் விழுந்திருக்காது.

அது என்ன சத்தமென்று அவளுக்குத் தெரியும். டெலிபோன் கம்பி வழியே கம்ப்யூட்டர் ஊர் உலகத்தோடு பேசத் தொடங்கும்போது போடும் கூச்சல். வாரத்தில் ஒரே ஒரு நாள், செவ்வாய்க்கிழமை காலையில் மட்டும், தலைமையாசிரியர் தம்புசாமி தன் கையால் அந்தக் கூச்சலைக் கிளப்புவார். மற்ற நாளில் கம்ப்யூட்டரை யாரும் தொடக் கூடாது. அதற்குப் பூப்போட்ட துணியில் உறை உண்டு, திரையின் மேல் சந்தனமும் குங்குமமும் உண்டு, அறையிலிருந்த ஒரே மேசை விசிறியும் அதற்குத்தான். தம்புசாமி வியர்வையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.

ஜோனிட்டா விரைந்து போனாள். கதவு தாழிட்டிருந்தது. தட்டினாள். உள்ளே நாற்காலி நகரும் ஓசை. பிறகு அமைதி. அவள் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய்த் திரும்பி வருவதற்குள் முன்கதவு திறந்திருந்தது. பள்ளியைக் கூட்டிப் பெருக்கும் வேலாயி வாசலில் துடைப்பத்தோடு நின்றாள்.

"அக்கா, உள்ள யாரு?"

"யாருமில்லியே டீச்சர். கூட்டலாம்னு இப்பத்தான் தொறந்தேன்."

"சத்தம் கேட்டுச்சே!"

"பூனையா இருக்கும்."

"பூனை கம்ப்யூட்டர் போடுமாக்கா?"

"இந்தக் காலத்துப் பூனைய யாரு கண்டா?" என்று சொல்லிவிட்டு வேலாயி குனிந்து பெருக்க ஆரம்பித்துவிட்டாள்.

ஜோனிட்டா உள்ளே எட்டிப் பார்த்தாள். விசிறி அணைக்கப்பட்டிருந்தது, ஆனால் இறக்கைகள் இன்னும் முழுசாக நிற்கவில்லை. பூப்போட்ட உறை உட்புறம் வெளியே தெரிய மாட்டப்பட்டிருந்தது. பெட்டியின் பின்பக்கம் கையை வைத்தாள். சுட்டது.

வேலாயிக்குக் கையெழுத்துப் போடவே தெரியாது. அந்த அறைக்கு இரண்டே சாவிகள். ஒன்று வேலாயியிடம். இன்னொன்று, பள்ளிக்குப் பின்னால் ஐம்பது அடி தூரத்துக் குவார்ட்டர்ஸில் குடியிருக்கும் தலைமையாசிரியரிடம்.

சந்தேகம் அவள் மனத்தில் அன்றைக்குப் புதிதாக முளைக்கவில்லை. இணையத்தில் வரும் கணக்குப் பாடத்தில் தன் பேச்சின் வாடை அடிப்பதாகச் சில வாரமாகவே அவளுக்குப் பட்டுக்கொண்டிருந்தது.

ஆறு வாரத்துக்கு முன்னால், பத்து பெரண்டாம் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் தமிழ் ஊழியர்கள் சேர்ந்து இரண்டு பழைய கம்ப்யூட்டர்களை இரண்டு தோட்டப் பள்ளிகளுக்குக் கொடுத்தார்கள். ஒன்று இங்கே. மற்றொன்று ஆயர் செலாசே தோட்டத்தில். அதோடு ஒரு திட்டமும் வந்தது. ஆறாம் ஆண்டுக் கணக்குப் பாடம் வாரத்துக்கு ஒரு முறை இணையத்தில் வரும். பிள்ளைகள் அதைப் படித்துப் பதில் அனுப்புவார்கள். மிச்சமுள்ள நாள்களில் வகுப்பாசிரியை, இங்கே ஜோனிட்டா, கரும்பலகையில் அதை விளக்க வேண்டும். பாதி இணையம், பாதி வகுப்பறை. தொண்ணூற்றொன்பதாம் வருஷத்தில் ஒரு தோட்டப் பள்ளிக்கு இது சின்ன விஷயமா? தம்புசாமிக்குத் தலைகால் புரியவில்லை. வரும் பாடத்தையெல்லாம் அச்செடுத்து, "ஆசிரியர் திருச்செல்வம் அவர்களின் இணையப் பாடம்" என்று மேலே சிவப்பு மையால் எழுதி, ஒரு கோப்பில் போட்டு வைத்தார். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார்.

போன வெள்ளிக்கிழமைதான் அவர் அந்தப் பேச்சை எடுத்தார்.

"டீச்சர், உங்க தற்காலிக வேலை இந்த மாசக் கடைசியோட முடியுது, இல்லியா?"

"ஆமா சார். நீங்க எழுதிக் குடுத்தா கல்வி இலாகாவுல நீட்டிப்பாங்க. மக்தாப்புக்கும் மனு போட்டிருக்கேன். அதுக்கும் உங்க கடிதம்தான் வேணும்."

தம்புசாமி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழுதலாம். ஆனா பாருங்க, திருச்செல்வம் சார் பாடமே இவ்வளோ தெளிவா வருது. பிள்ளைங்கள அடக்கி உக்கார வைக்க ஓர் ஆள் இருந்தா போதாதான்னு இலாகாவுல கேப்பாங்க லா. நான் என்னன்னு பதில் சொல்றது? மூணு வாரம் கழிச்சு வர்ற சனிக்கிழமை அவரே இங்க வர்றாரு. அவர ஒரு வார்த்த கேட்டுட்டு எழுதறேன்."

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை எல்லாரும் மக்தாப் என்றுதான் சொல்வார்கள். அதற்கு ஜோனிட்டா இரண்டு முறை மனுப்போட்டு இரண்டு முறையும் இடம் கிடைக்கவில்லை. மூன்றாவது முறை இந்தக் கடிதத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. முகம் தெரியாத ஒரு திருச்செல்வம் அதைப் பிடுங்கிக்கொண்டு போகப் போகிறான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பாடம் வந்தது. பன்னிரண்டு பிள்ளைகளும் திரையைச் சுற்றி நின்றார்கள். தாரணி கணீரென்று வாசித்தாள்.

"மூன்று ரொட்டிச் சானாய். சாப்பிட நான்கு பேர். ஒவ்வொரு ரொட்டியையும் சமமாகப் பிய்த்தால்தான் அது பின்னம். மாமியாருக்குப் பெரிய துண்டு கொடுத்தால் அது பின்னம் இல்லை, பயம்."

பிள்ளைகள் சிரித்தார்கள். தம்புசாமி தொடையில் தட்டிச் சிரித்தார். "என்னா சுவையா சொல்றாரு பாத்தீங்களா டீச்சர்?"

ஜோனிட்டா மட்டும் சிரிக்கவில்லை. அந்த மாமியார் அவளுடைய மாமியார். அதாவது, கல்யாணமே ஆகாத அவள், போன புதன்கிழமை வகுப்பில் தன் வாயால் கட்டிவிட்ட மாமியார். ரொட்டி அவளுடையது. பயமும் அவளுடையது.

பாடத்தின் அடியில் வழக்கம்போல ஒரு சந்தேகக் கேள்வி இருந்தது. ஆயர் செலாசே பள்ளியிலிருந்து மோகனா என்ற பிள்ளை அனுப்புவது. "முக்காலை அரையால் வகுத்தால் ஒன்றரை வருகிறது. வகுத்தால் குறையத்தானே வேண்டும்? எப்படிக் கூடுகிறது டீச்சர்?" என்று கேட்டிருந்தது. திருச்செல்வம் சாரைப் போய் டீச்சர் என்கிறதே என்று ஜோனிட்டாவுக்குத் தோன்றியது. பிள்ளை வாய்ப் பழக்கத்தில் எழுதியிருக்கும். இந்தக் கேள்விகளாலும் அவளுக்கு எரிச்சல்தான். திருச்செல்வம் என்ற அந்தப் பெரிய வாத்தியார் கேள்வியை மட்டும் அனுப்புவார். தன் வகுப்புப் பிள்ளைகள் விடை கேட்டுத் துளைப்பார்கள். அவள்தான் தொண்டை வறளச் சொல்ல வேண்டும்.

"முக்கால் லிட்டர் மண்ணெண்ணெய் இருக்கு. அரை லிட்டர் போத்தல்ல ஊத்து. எத்தனை போத்தல் ரொம்பும்? ஒண்ணு ரொம்பி, இன்னொண்ணு பாதி. அவ்ளோதான். எண்ணெய் கூடல, நாம போத்தலத்தான் எண்ணுறோம்" என்றாள்.

சொல்லி முடித்ததும் ஒரு கணக்கு மனத்துக்குள் ஓடியது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவள் தன் பாடக் குறிப்பேட்டைத் தலைமையாசிரியர் மேசையில் வைத்துவிட்டுப் போவாள். திங்கட்கிழமை அது கையெழுத்தோடு திரும்பி வரும். எல்லா ஆசிரியருக்கும் உள்ள வழக்கம்தான். ரொட்டிச் சானாயையும் மாமியாரையும் அந்தக் குறிப்பேட்டில் அவள் எழுதியிருந்தாள். ஆக, சனியும் ஞாயிறும் குறிப்பேடு யாரிடம் இருக்கிறது? சாவி யாரிடம் இருக்கிறது?

தம்புசாமியே அனுப்புகிறாரா? அவளுடைய பாடத்தைக் கொடுத்து, திருச்செல்வத்தை உயர்த்தி, அவளை வெளியே தள்ளவா? எதற்கு? சொந்தக்காரப் பெண் யாருக்காவது இந்த வேலையை வாங்கித் தரப் போகிறாரா?

சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

மறுநாள் புதன்கிழமை. வகுப்புக் கதவைச் சாத்தினாள். "முனியாண்டிகிட்ட பன்னண்டு ஆடு. அதுல ஒரு ஆட்டுக்கு மட்டும் மூணு காலு. மொத்தம் எத்தனை காலு?"

"நாப்பத்தேழு டீச்சர்!" என்று கத்தினார்கள்.

"ஏன் டீச்சர் மூணு காலு?" என்றாள் தாரணி.

"அது முனியாண்டிகிட்டதான் கேக்கணும். எழுதிக்க."

அந்த வாரக் குறிப்பேட்டில் ஆட்டைப் பற்றி ஒரு வரிகூட அவள் எழுதவில்லை. "பெருக்கல், கழித்தல், பயிற்சி" என்று மட்டும் எழுதி மேசையில் வைத்தாள். வீட்டில்கூட மூச்சு விடவில்லை.

செவ்வாய்க்கிழமை வந்தது. கம்ப்யூட்டர் கூச்சலிட்டது. தம்புசாமி கைகட்டி நின்றார்.

"முதலில் மண்ணெண்ணெய்க் கணக்கு" என்று தாரணி வாசித்தாள். ஒன்றரைப் போத்தலும் வந்தது. ஜோனிட்டா பல்லைக் கடித்துக்கொண்டாள். தாரணி அடுத்த பத்திக்குப் போனாள். "முனியாண்டியிடம் பன்னிரண்டு ஆடு. அதில் ஒரு ஆட்டுக்கு மட்டும் மூன்று கால்..."

ஆடு நொண்டிக்கொண்டே பத்து பெரண்டாம் வரைக்கும் போய்த் திரும்பி வந்திருந்தது.

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தாரணி மட்டும் யாரையும் பார்க்கவில்லை. அவள் காதுமடல் சிவந்திருந்ததை ஜோனிட்டா பார்த்தாள்.

குறிப்பேடு இல்லை. தலைமையாசிரியர் இல்லை. வகுப்புக்குள்ளிருந்தே போகிறது.

தாரணியின் அம்மா யார்? வேலாயி.

மறுநாள் புதன்கிழமை ஜோனிட்டா வேண்டுமென்றே பஸ்ஸைத் தவறவிட்டாள். கழிவறைக்குப் பக்கத்துச் சுவரோரம் நின்றாள். கொசு பிடுங்கியது. இரண்டு மணிக்கு வேலாயி கதவைத் திறந்துவிட, தாரணி குனிந்தவாறே உள்ளே நுழைந்தாள். அரை மணி நேரம் கழித்துக் கூச்சல் கிளம்பிய மறுகணம் ஜோனிட்டா கதவைத் தள்ளினாள்.

தாரணி விறைத்துப் போய் உட்கார்ந்திருந்தாள். திரையில் ஆங்கில எழுத்தில் தமிழ் வரிவரியாக ஓடியது. அன்று காலை ஜோனிட்டா நடத்திய பாடம் முழுசும் அப்படியே. "சுரேஷ், வாயில என்ன, கொட்டாங்கச்சியா?" என்று அவள் திட்டியதுகூட விடாமல் இருந்தது.

"யாரு சொல்லி அனுப்புற?"

"திருச்செல்வம் சாரு டீச்சர். நம்ம பதில் அனுப்புறப்ப அவரு எழுதியிருந்தாரு. 'வகுப்புல டீச்சர் சொல்றத ஒண்ணு விடாம எழுதி அனுப்ப யாரால முடியும்'னு. நான் முடியும்னேன்." அழுகை வந்துவிட்டது. "அது ஹோம்வொர்க்னு நெனச்சேன்."

"ஹோம்வொர்க்குன்னா எதுக்கு ஒளிஞ்சு செய்யணும்?"

வேலாயி குறுக்கே வந்தாள். "பெரிய சாருக்குத் தெரிஞ்சா என் வேலை போயிடும் டீச்சர். அந்தப் பெட்டிய வேற யாரும் தொட்டா அவருக்கு உசிரே போயிடும். உங்களுக்கு ஒளிஞ்சு இல்ல. அவருக்கு ஒளிஞ்சு." துடைப்பத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "பிள்ள தட்டுறப்ப நான் இங்கயே நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருப்பேன். சொல்லிடாதீங்க டீச்சர்."

ஜோனிட்டா பாடக் கோப்பை மட்டும் எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

கிளேபாங் வீட்டில் அன்று மாலை எட்டுத் தாள்களையும் சாப்பாட்டு மேசையில் பரப்பினாள். ஒவ்வொரு தாளின் தலையிலும் அனுப்பிய நாளும் நேரமும் அச்சாகியிருந்தன. முதல் இரண்டும் காலை பத்து மணி வாக்கில் வந்தவை. அவற்றில் அவள் வார்த்தை ஒன்றுகூட இல்லை. பழைய பாடப் புத்தக நடை. மூன்றாவதிலிருந்துதான் அவளுடைய வகுப்புப் பேச்சு. மூன்றாவது காலை ஏழு பத்து. நான்காவது மாலை மூன்று பத்து. ஐந்தாவது இரவு பதினொன்று பத்து. ஆறாவது மறுபடி ஏழு பத்து. எந்த வாத்தியார் இப்படிப் பாடம் அனுப்புவார்?

பத்து பெரண்டாம் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அவளுடைய அண்ணன் டெரன்ஸ் மீன் வறுவலோடு வந்து உட்கார்ந்தான். தாளை எட்டிப் பார்த்தான்.

"என்னா இது, எங்க பஞ்ச் கார்டா?"

"என்ன?"

"ஏழு, மூணு, பதினொண்ணு. ஷிப்ட் முடியுற நேரம் லா. வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறும். கார்டு தட்டிட்டுப் பத்து நிமிஷத்துல உக்காந்து அனுப்பிருக்கான்." ஒரு துண்டு மீனை வாயில் போட்டுக்கொண்டான். "யாரு ஆளு?"

"திருச்செல்வம்."

"எங்க மெஷின் ரிப்பேர் செக்‌ஷன்ல ஒரு திருச்செல்வம் இருக்காரு. ஆயர் செலாசேலேருந்து மோட்டார் சைக்கிள்ல வருவாரு. பழைய கம்ப்யூட்டர எல்லாம் தட்டிக்கொட்டி அவர்தான் ஸ்கூலுக்குக் கொண்டுபோனாரு. ஆனா வாத்தியாரா? அவரு அஞ்சாம் பாரத்தோட படிப்ப நிறுத்துன ஆளு."

ஜோனிட்டா நாற்காலியில் சாய்ந்தாள். எல்லாம் புரிந்தது போலிருந்தது. அவள் விடுப்பிலிருந்த நாளில் பெட்டியை மாட்ட வந்த ஆளைப் பிள்ளைகள் சார் என்றார்கள். பேனா குத்திய சட்டையோடு டவுனிலிருந்து வருகிற யாரும் தோட்டத்தில் சார்தான். தம்புசாமியும் சார் என்றார், அப்புறம் ஆசிரியர் என்று சிவப்பு மையில் எழுதினார். அந்த ஆளும் இல்லை என்று சொல்லவில்லை. சுகமாக இருந்திருக்கும்! அவளுடைய பாடத்தைத் திருடி அவளுக்கே அனுப்பிப் பெரிய மனிதனாகிவிட்டான்.

"சனிக்கிழமை வரட்டும்" என்றாள்.

"என்ன செய்யப் போற?"

"பாடம் நடத்தச் சொல்லப் போறேன்."

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒல்லியான மனிதர் இறங்கினார். இஸ்திரி போட்ட சட்டை, எண்ணெய்க் கறை போகாத நகங்கள். பின்னாலிருந்து இறங்கிய பதினோரு வயதுப் பெண் பிள்ளை ஒரு நோட்டுப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வராந்தா பெஞ்சில் தானாகவே உட்கார்ந்துகொண்டது.

தம்புசாமி கிட்டத்தட்ட ஓடினார். "வாங்க சார், வாங்க! டீச்சர், இவர்தான் நம்ம திருச்செல்வம் சார். பிள்ளைங்க காத்துட்டிருக்காங்க, நீங்க ஒரு பத்து நிமிஷம்..."

"ஆமா சார்" என்று ஜோனிட்டா சுண்ணக்கட்டியை நீட்டினாள். "முக்காலை அரையால வகுத்தா ஏன் கூடுதுன்னு சொல்லிக் குடுங்க."

அவர் கை நீளவில்லை.

"சொல்ல மாட்டார் சார்" என்றாள் ஜோனிட்டா தம்புசாமியிடம். கோப்பை மேசையில் போட்டாள். "இவரு வாத்தியாரே இல்ல. தொழிற்சாலையில மெஷின் ரிப்பேர் பாக்குறவரு. ஷிப்ட் விட்டதும் உக்காந்து அனுப்பிருக்காரு, நேரத்தப் பாருங்க. ரொட்டி என்னுது. மண்ணெண்ணெய் என்னுது. அந்த மூணு கால் ஆடு, யாரு திருடுறான்னு பாக்க நான் விட்ட ஆடு!"

தம்புசாமி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். கோப்பிலிருந்த சிவப்பு மை எழுத்தை விரலால் தடவினார். "சார்... நெசமா?"

"நெசந்தான் ஐயா." திருச்செல்வம் தம்புசாமி பக்கம் திரும்பினார். "அனுப்புறேன்னு ஒத்துக்கிட்டது எங்க சங்கத்துப் பாக்கியசாமி வாத்தியாரு. ரிட்டாயர்ட் ஆனவரு. ரெண்டு வாரம் அனுப்புனாரு. அப்புறம் உடம்பு முடியாம ஜொகூர்ல மக வீட்டுக்குப் போயிட்டாரு. நீங்க என்னய ஆசிரியர்னு எழுதுறது எனக்கு இப்பத்தான் தெரியுது."

"அப்ப எங்க பாடத்த எடுத்து எங்களுக்கே அனுப்பணும்னு என்ன தலையெழுத்து?" என்றாள் ஜோனிட்டா. "திட்டத்த நிறுத்திட்டுப் போக வேண்டியதுதானே?"

"நிறுத்த முடியாம போச்சு டீச்சர்."

"ஏன்? சார்னு கூப்புடுறது நல்லாருந்துச்சோ?"

அவர் வெளியே பெஞ்சிலிருந்த பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார். வாசலில் வேலாயி துடைப்பத்தோடு கல்லாய் நின்றாள். பாடம் எப்படி வெளியே போனது என்று தம்புசாமி கேட்கப் போகிற கணம் அது. ஜோனிட்டா முந்திக்கொண்டாள். "எப்படிப் போச்சுங்கறது வேணாம் சார். போச்சு. அவ்ளோதான்."

வேலாயியின் தோள்கள் கொஞ்சம் இறங்கின.

வெளியே பெஞ்சிலிருந்த பெண் பிள்ளை சத்தம் கேட்டுக் கதவோரம் வந்து நின்றது. தம்புசாமிக்கு எங்காவது பார்வையைத் திருப்ப வேண்டியிருந்தது. அதன் நோட்டுப் புத்தகத்தைக் கைநீட்டி வாங்கினார். புரட்டினார். ரொட்டிச் சானாய். போத்தல். ஆட்டுப் படம்கூட வரைந்து, மூன்று காலுக்கும் அளவு போட்டிருந்தது. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஒரு பெயர் அழகாக எழுதப்பட்டிருந்தது. அதைப் படித்ததும் அவர் புருவம் சுருங்கியது. திருச்செல்வத்தைப் பார்த்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"உம் பேரு என்னம்மா?"

"மோகனா, சார். ஆயர் செலாசே, ஆறாம் ஆண்டு."

"உங்க பள்ளில கணக்கு யாரும்மா எடுக்கறாங்க?"

பிள்ளை ஜோனிட்டாவை ஒரு தரம் பார்த்தது. யாரோ ஒரு கோபக்கார அக்கா என்று நினைத்ததோ என்னவோ, குரலைத் தாழ்த்திக்கொண்டு தம்புசாமியிடம் மட்டும் சொன்னது.

"எங்க சாரு மாத்தலாகிப் போனதுலேருந்து யாருமே இல்ல சார், கம்ப்யூட்டர்ல வர்ற ஜோனிட்டா டீச்சர்தான் எங்க பதினேழு பேருக்கும், அவங்க எப்படி இருப்பாங்கன்னு பாத்துட்டு வந்து சொல்லச் சொல்லி என்னய அனுப்பிருக்காங்க."